கலப்பினம் என்றால் கணக்கில் இல்லையா?

தில்லையில் தில்லை இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் ஏதோ சிலேடை செய்கிறோம் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிலேடை அன்று, தாவரவியல். தில்லை என்பது ஒரு மரம். ஒடித்தால் பால் வடியும். அப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. உவர்ச் சேற்றில் வளரும் அம்மரம் காடாய் நின்றமையால்தான் சிதம்பரம் தில்லைவனம் எனப்பட்டது. ஆடவல்லான் கோயிலுக்கு அதுவே தலமரம். இன்று அந்தக் காட்டைக் காண விரும்புகிறவர் நகரை விட்டுக் கிழக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர் சென்று பிச்சாவரத்துச் சதுப்பில்தான் பார்க்கவேண்டும். பெயரை வைத்துக்கொண்டு மரத்தைத் தொலைத்தவர்கள் நாம்.

அதே பிச்சாவரத்தில் இன்னொரு மரமும் நிற்கிறது. அதற்கு நம் வட்டாரத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்: ரைசோபோரா அண்ணாமலயானா. உள்ளூர் வழக்கில் சுரபுன்னை என்று அழைக்கப்படும் மரங்களுள் அதுவும் ஒன்று. கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் கூட்டம் போட்டு, நெய்தல் திணையின் கண்டலையும் தாழையையும் புன்னையையும் மணிக்கணக்கில் பேசித் தேநீர் குடித்துக் கலைகிற நம்மில் எத்தனை பேர் இம்மரத்தைப் பார்த்திருக்கிறோம்? பார்ப்பது இருக்கட்டும், பெயரையாவது கேட்டிருக்கிறோமா? சென்ற முறை கூடியபோது இருந்தவர்களுள் இருவர் மட்டுமே கை உயர்த்தினர். அவர்களில் ஒருவர் விலங்கியல் படித்தவர். ஆகவே இக்கட்டுரையின் வசைகள் எவர்மேல் விழுந்தாலும் அவற்றின் முதற்பங்கு நம்மையே சேரும்.

மரத்துக்கு வருமுன் ஒரு பாசியைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. நான்காயிரம் மீட்டருக்கு மேலே, ஆண்டில் எட்டு மாதம் பனி மூடிக்கிடக்கும் திபெத்தியப் பாறைச் சரிவுகளில் வளர்கிறது டகாக்கியா. உயரம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. இமயத்தில் ஹூக்கர் சேகரித்த மாதிரியிலிருந்து 1861-இலேயே ஒருமுறை விவரிக்கப்பட்டு, வேறொரு பேரினத்தின் பெயரில் அலமாரியில் கிடந்தது. பிறகு ஜப்பானில் கிடைத்த செடியை வைத்து 1958-இல்தான் தனிப் பேரினமாகப் பெயர் பெற்றது. அதன்பின்னும் பல்லாண்டுகள் அது பாசியா, ஈரல்செடியா என்றே தாவரவியலாளர் மல்லுக்கு நின்றனர்; வித்துப்பை தாங்கிய செடிகள் அலாஸ்காவை ஒட்டிய தீவுகளில் கிடைத்து, 1990-களில்தான் வழக்கு முடிந்தது. இதன் மூதாதை வழி 39 கோடி ஆண்டுப் பழமையுடையது என்கிறார்கள். இமயமே அதற்குப் பின்னால் பிறந்த மலை. காலடியில் மலை எழுந்தபோது கூடவே எழுந்து, குளிரையும் புறஊதாக் கதிரையும் தாங்கக் கற்றுக்கொண்ட உயிர் அது.

சீனரும் ஜெர்மானியரும் சேர்ந்த ஆய்வுக்குழு ஒன்று 2010 தொடங்கிப் பதினோராண்டுக் காலம் திரும்பத் திரும்ப அச்சரிவுகளில் ஏறி, இந்தச் சிறு பச்சையை அளந்தது. 2023-இல் முடிவை வெளியிட்டது: ஆண்டுக்கு ஏறத்தாழ 1.6 விழுக்காடு குறைந்துகொண்டே வருகிறது. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் உலகம் முழுவதிலும் அது வாழத் தக்க இடம் ஆயிரத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிடலாம். ஆய்வகத்தில் பெருக்கிய செடிகளை மீண்டும் மலையில் நட்டுப் பார்த்தார்கள், சில பிழைத்தன.

யானையை எண்ணுவது வேறு, அங்குலப் பாசியை எண்ணுவதற்காகப் பதினோராண்டு மூச்சு முட்ட மலையேறுவது வேறு. யாருக்கும் உணவாகாத, மருந்தாகாத, கோயில் தலமரமும் ஆகாத ஓர் உயிருக்காக இதைச் செய்தார்கள். நம் மொழியிலோ இதற்கெனத் தனிச்சொல்லும் இல்லை. குளத்துப் பச்சையும் பாசி, பாறைப் பச்சையும் பாசி, குறவர் விற்கும் மணியும் பாசி. பாடநூல் 'மாஸ்' என்று ஒலிபெயர்க்கிறது. மாணவன் அதைப் படித்ததும் நினைப்பது திரைப்படக் கதாநாயகனின் அறிமுகக் காட்சியைத்தான். இத்தனைக்கும் கொடைக்கானல் அருகே செண்பகனூரில் இருந்த ஃபோரோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பழனிமலைப் பாசிகளைப் பல்லாண்டு சேகரித்து, 1961-இல் அவற்றின் தொகுப்பையே வெளியிட்டுவிட்டார். கண்டு சொன்னவர் பிரெஞ்சுக்காரர், அச்சிட்டது ஆங்கில இதழ். தமிழுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இனி நம் மரம். பிச்சாவரத்தில் சுரபுன்னைகள் இரண்டு வகை. அபிகுலேட்டா என்பது ஒன்று: இலை ஒடுங்கியது, பூக்கள் குட்டைக் காம்பில் இரண்டிரண்டாய் ஒட்டி இருக்கும். முக்ரோனேட்டா என்பது மற்றொன்று: இலை அகன்றது, பூக்கள் நீண்ட காம்பில் கொத்தாய்த் தொங்கும். இரண்டும் தாங்குவேர்களை வளைத்துச் சேற்றில் ஊன்றி நிற்பவை. இரண்டும் விதையைக் கீழே போடுவதில்லை. விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, முற்றிய பிறகே விழும். இவ்விரண்டுக்கும் இயற்கையாகப் பிறந்த பிள்ளைதான் அண்ணாமலயானா. இலையும் பூங்கொத்தும் இருவருக்கும் இடைப்பட்டவை. பெற்றோரைவிட ஓங்கி வளர்வதாகக் குறித்திருக்கிறார்கள். முதலில் இதை லாமார்க்கி என்ற வேறொரு கலப்பினமாகவே கருதினர். லாமார்க்கியின் பெற்றோரில் ஒருவரான ஸ்டைலோசா பிச்சாவரத்தில் கிடையாது. அப்படியிருக்கப் பிள்ளை மட்டும் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழாமல் இருந்திருக்க முடியாது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையத்தின் பேராசிரியர் க. கதிரேசன் 1995-இல் இதற்குப் புதுப்பெயர் சூட்டினார். 1999-இல் கலப்பினம் என்ற தகுதியுடன் மீண்டும் பதிவுசெய்தார். இடையில் 1997-இல் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மரபணுச் சோதனை செய்து, பெற்றோர் இன்னார் என்று உறுதி கூறினர்.

பிற்பாடு அந்தமானிலும் இலங்கையிலும் தென்கிழக்காசியக் கரைகளிலும் இதே கலப்பு அறியப்பட்டது. ஆகவே 'உலகில் வேறெங்கும் இல்லாத மரம்' என்று மேடையில் முழங்க வேண்டாம். முழங்கினால் மறுநாளே யாராவது மறுப்பார். மறுத்ததும் நம் ஊர்க்காரர் ஆர்வம் வடிந்துவிடும். உலகிலேயே முதல், உலகிலேயே பெரிது என்றால்தான் நமக்கு எதுவும் அருமை. இம்மரம் அருமையானது, ஆனால் ஒற்றையானது அன்று. பெயர் பிறந்த இடம் பிச்சாவரம். அங்கும் அது மிகக் குறைவாகவே இருக்கிறது. இவ்வளவு போதும்.

ஏன் குறைவு? பூக்கும்; ஆனால் காய்ப்பது மிக அரிது. கலப்பினங்கள் பலவற்றுக்கும் உள்ள குறைதான். தன் வித்தால் தான் பெருகாத மரம் இது. தாய்மரமும் தந்தைமரமும் அருகருகே நின்று ஒரே பருவத்தில் பூக்கும் இடத்தில், என்றோ ஒருநாள் மகரந்தம் தடம் மாறினால் புதிதாய் ஒன்று பிறக்கும். அதாவது இம்மரத்தைத் தருவது தனிமரம் எதுவும் அன்று; இரு சுரபுன்னைகளும் கூடி வாழும் காடு.

இங்கேதான் நம் வாதம் தொடங்குகிறது.

உயிர்களைப் பட்டியலிட்டு ஆபத்தின் அளவை அறிவிக்கும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியல், கலப்பினங்களைப் பொதுவாக மதிப்பிடுவதில்லை. கருவுறாமலே விதை ஈனும் சில தாவரக் கலப்பினங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கண்டல் மரங்களின் அழிவு நிலையை உலக அளவில் ஆராய்ந்து 2010-இல் வெளிவந்த அறிக்கை எழுபது இனங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் பதினொன்று அழியும் நிலையில் உள்ளன என்றது. கலப்பினங்கள் அந்தக் கணக்கிலேயே சேரவில்லை. நம் நாட்டுச் சட்டமோ தாவரங்கள் விஷயத்தில் இன்னும் சிக்கனமானது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தாவரங்களுக்கென ஓர் அட்டவணை பின்னாளில் சேர்க்கப்பட்டபோது, இத்தனை பெரிய நாட்டில் அதில் இடம்பெற்றவை ஆறே ஆறு. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்பே அந்தப் பட்டியல் சற்று நீண்டது. அதுவரை முப்பதாண்டு காலம் இந்தியத் தாவர உலகம் முழுவதும் ஆறு பெயர்களுக்குள் அடங்கிக் கிடந்தது.

முகமுள்ள விலங்குக்கு நிலைமை வேறு. தமிழக அரசு வரையாட்டுக்கென 2022-இல் 25 கோடியே 14 இலட்சம் ரூபாயில் தனித்திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு தேவாங்குக்கென 11,806 எக்டேரில் சரணாலயம் அறிவித்தது. இரண்டும் பாராட்டத்தக்கவை, நாம் அவற்றுக்கு எதிரிகள் அல்லர். தேவாங்கின் உருண்டைக் கண்ணைப் பார்த்து உருகாதவர் யார்? கண் இல்லாதவற்றுக்கு யார் உருகுவது என்பதே நம் கேள்வி. பிச்சாவரத்துக்கும் அதே 2022-இல் ராம்சார் தகுதி கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் ராம்சார் என்பது நிலத்துக்குத் தரும் தகுதி. அந்நிலத்தில் எது குறைகிறது, எது ஏறுகிறது என்று மரம் மரமாக யாராவது நின்று பார்த்தால் ஒழிய அது நுழைவாயிலில் வைக்கும் பலகையாகவே இருக்கும்.

'கலப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற மண் இது. கலந்து மணந்ததற்காகப் பிள்ளைகளைக் கொன்ற ஊர்கள் இதே மாவட்டத்தில் உண்டு. ஒரு மரத்தின் கதையில் அதை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்பார் கேட்கட்டும். தூய இனம்தான் இனம், கலந்தது பிழை, பிழைக்குப் பாதுகாப்பு எதற்கு என்ற எண்ணம் செடிகொடியைப் பற்றிப் பேசும்போதும் அதே குரலில்தான் ஒலிக்கிறது. அந்தக் குரலை நாம் வேறிடத்தில் கேட்டிருக்கிறோம், அதனால் சொல்கிறோம்.

நேர்மையான எதிர்வாதம் ஒன்றும் உண்டு. நண்பர் ஒருவரே எழுப்பினார். 'காய்க்காத மரம் தானே அழியும். பெற்றோர் இருவரும் ஆசியக் கரையெங்கும் ஏராளமாக உள்ளனர். இன்னொரு பிள்ளை பிறக்கும். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?' என்றார். பாதி சரி. தனிமரத்தை வேலி கட்டிக் காத்துப் பெரிதாக ஆவது ஒன்றுமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இன்னொரு பிள்ளை பிறக்க வேண்டுமானால் பிச்சாவரத்தில் இரு சுரபுன்னைகளும் சேர்ந்து செழிக்கவேண்டும். அது நடக்கிறதா என்று பார்ப்பதற்கு இம்மரத்தைவிட நல்ல சாட்சி இல்லை. இளங்கலப்புகள் தோன்றிக்கொண்டிருந்தால் காடு காடாக இருக்கிறது. கிழமரங்கள் மட்டும் நின்று புதியவை தோன்றாவிட்டால், பச்சை எத்தனை எக்டேர் பரவினாலும் உள்ளே ஏதோ நின்றுபோயிருக்கிறது. பனிமலைப் பாசியை அவர்கள் அளந்ததும் இதற்காகவே: அந்தப் பாசி சுருங்குவது பனி சுருங்குவதன் கணக்கு.

பிச்சாவரத்தின் வரலாறு தெரியாதவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் ஆயிரத்து நூறு எக்டேர் அளவில் குறிக்கப்படும் சதுப்பு அது. அதில் பாதிதான் காடு, மீதியில் பெரும்பங்கு நீர்வழிகள். வெள்ளைக்காரன் காலத்தில் வனத்துறை இதைக் கூப்புகளாகப் பிரித்து, முறைவைத்து அடியோடு வெட்டியது. விடுதலைக்குப் பின்னும் அந்த வழக்கம் பல்லாண்டு தொடர்ந்தது. வெட்டிய இடத்தில் காடு தானே திரும்பி வரும் என்பது கணக்கு. வரவில்லை. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, ஈரம் வற்றி, மண் அமிழ்ந்து, நடுவில் தாம்பாளம்போல் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர் வற்றும்போது வெளியேற வழியில்லை. தேங்கிற்று, ஆவியாயிற்று, உப்பு மட்டும் மிஞ்சிற்று. உப்பளத்தில் எந்த வித்து முளைக்கும்? ஆனால் அந்நாளில் பழி முழுவதும் விறகு பொறுக்கிய ஏழைகள்மேலும் மாடு மேய்த்தவர்கள்மேலும் விழுந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1990-களில்தான் உண்மையான காரணம் கூப்பு வெட்டியதால் வந்த குழிவு என்று காட்டினார்கள். குழிவுகளுக்குள் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதம் வந்து போக வழிசெய்து, வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து கன்று நட்டனர். 1986-க்கும் 2002-க்கும் இடையே காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடிற்று என்பது செயற்கைக்கோள் படங்கள் சொல்லும் கணக்கு. இதைச் சாதனை என்று சொல்லாவிட்டால் நமக்கு நாக்கு அழுகிவிடும்.

ஆனால் கூடியது பெரும்பாலும் எது? வெண்கண்டல். உப்பைப் பொறுப்பதில் அதை வெல்ல ஆளில்லை. உப்பேறிய நிலத்தை மீட்க அதுவே சரியான மரம், அதில் குற்றமில்லை. சுரபுன்னைக்கோ உப்பு மிஞ்சினால் ஆகாது. நன்னீர் கலந்து வரவேண்டும். நன்னீர் எங்கே? கொள்ளிடம் என்றாலே வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பார்கள். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் அந்த வெள்ளம் வரும் ஆண்டும் உண்டு, வராத ஆண்டும் உண்டு. கீழணையில் திரும்பும் நீர் வடவாறு வழியே வீராணத்துக்குப் போகிறது. வீராண நீர் 2004 முதல் குழாய்வழியே சென்னைக்கும் போகிறது. சென்னையில் இருக்கிற நம் உறவினரும் குடிக்கத்தான் வேண்டும். உழவர் வயலும் நனையத்தான் வேண்டும். ஆயினும் கடலில் சேரும் நீர் 'வீண்' என்று ஒவ்வோராண்டும் தலையங்கம் எழுதுகிற நம் நாளேடுகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த 'வீண்' நீரில்தான் சுரபுன்னை பூக்கிறது, இறால் குஞ்சு பொரிக்கிறது, கையால் தடவி இறால் பிடிக்கும் கிள்ளைப் பகுதி இருளர் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆற்றின் கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்கும் தாகம் உண்டு.

அடுத்து, நடுவிழாக்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் மாவட்டத்தை எப்படி அடித்தது என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. நம்மில் பலர் அன்று பிணம் சுமந்தவர்கள். மறு ஆண்டே கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த ஒரு குழு, மரங்கள் அடர்ந்த பகுதிக்குப் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 'சயன்ஸ்' இதழில் எழுதியது. பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களும் பதினெட்டுக் குப்பங்களை வைத்து அதையே சொன்னார்கள். அவர்கள் தந்த எண்களையே மறுபடி ஆராய்ந்த வேறு சிலர், ஊர் எவ்வளவு மேட்டில், கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்பதே பெரிதும் தீர்மானித்தது, மரத்தின் பங்கை அளந்து சொல்ல இந்தத் தரவு போதாது என்று மறுத்தார்கள். இந்த விவாதம் நியாயமானது, தேவையானது. ஆனால் அரசியலுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அதன் முதற்பாதி மட்டுமே போதுமானதாக இருந்தது: கண்டல் ஒரு மதில், மதில் கட்டுவோம், எத்தனை இலட்சம் செங்கல்? அன்றிலிருந்து காட்டை எண்ணிக்கையில் பேசும் நோய் நம்மைப் பிடித்தது.

சுரபுன்னைக் காய் இந்த நோய்க்கு வாய்த்த தீனி. நீளமான காயைச் சேற்றில் செருகினால் நின்றுகொள்ளும். பள்ளிப்பிள்ளையும் செருகலாம், அமைச்சரும் செருகலாம், படமும் அழகாக வரும். பாகிஸ்தானில் சிந்து நதிக் கழிமுகத்தில் 2013-இல் ஒரே நாளில் 8,47,275 கன்று நட்டுக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதற்கு முன் இந்தியாவை முந்தினார்கள், இந்தியா அவர்களை முந்தப் பார்த்தது, கிரிக்கெட் மாதிரி. இலங்கையில் பேரலைக்குப் பின் நட்டவற்றைச் சில ஆண்டு கழித்துப் போய் எண்ணியவர்கள் 2017-இல் எழுதியதைப் படித்தால் வயிறு எரியும்: ஆயிரம் முதல் ஆயிரத்திருநூறு எக்டேரில் நட்டதில் பிழைத்தது இருநூற்றுச் சொச்சம் எக்டேர், ஆராய்ந்த இருபத்துமூன்று இடங்களில் ஒன்பதில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. தவறான இடம், தவறான இனம், நட்டபின் திரும்பிப் பாராமை. மூன்றும் நமக்குப் புதியவை அல்ல. இப்போது ஒன்றிய அரசின் 'மிஷ்டி' திட்டம் 2023 முதல் நடப்பில் இருக்கிறது. கண்டல் காட்டைப் பெருக்குவதே அதன் நோக்கம். பெருகட்டும். எந்த மரம், எந்த மண்ணில், எந்த நீரில் என்ற கேள்விக்கு விடை சொன்னபின் பெருகட்டும்.

சென்ற மாசியில் நாங்கள் நால்வர் படகேறினோம். சுற்றுலாப் படகுகள் செல்லும் வழியில் வழக்கம்போல் எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படம் எடுத்த இடம் காட்டப்பட்டது. பிறகு கமலின் 'தசாவதாரம்'. நம் காட்டுக்கு நாம் வைத்திருக்கும் அடையாளங்கள் இவை. துடுப்புப் போட்ட பெரியவரிடம் கையிலிருந்த படத்தைக் காட்டி, இந்தக் கலப்பு மரம் எது என்று கேட்டோம். 'எல்லாம் சுரபுன்னதான் தம்பி. இதுல சாதி பாக்க நமக்கெங்க தெரியும்' என்றார். எங்களுக்குச் சுருக்கென்றது. சிறிது தூரம் போனதும் அவரே, 'ஒண்ணு இருக்கு, நெடுநெடுன்னு வளந்திருக்கும். பூ வெக்கும், கா தங்காது. அதக் கேக்குறீங்களோ?' என்றார். அது அந்த மரம்தானா என்று அடித்துச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் கேட்டவர்கள் மெத்தப் படித்த நாங்கள்; காய் தங்காததைக் கவனித்தவர் அவர்.

ஆகவே இப்படிக் கேட்கிறோம். நடுவிழா நடத்துவோர் எவராயினும், எத்தனை கன்று என்பதோடு எந்த இனம் என்றும், மூன்றாண்டு கழித்து எத்தனை பிழைத்தன என்றும் அறிவிக்கவேண்டும். பிச்சாவரத்துச் சுரபுன்னைகள் இரண்டும் கலந்து நிற்கும் கரைகள் எவை என்று குறித்து, அங்கே ஒற்றை இனத்தைத் திணிக்காமல் விடவேண்டும். கலப்பு மரங்களை ஆண்டுதோறும் எண்ண வேண்டும். அந்த வேலையைப் படகோட்டும் கையும் இறால் தடவும் கையும் செய்யும், உரிய கூலி கொடுத்தால். கோடையிலும் ஓரளவு நன்னீர் கழிமுகத்துக்கு வர விடவேண்டும். பாசனக் கணக்கில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கவேண்டும். நம் கூட்டங்களில் நெய்தல் பற்றிய அடுத்த அமர்வைப் படகிலே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் தமக்கு நீச்சல் தெரியாது என்றார். ஆழம் இடுப்பளவுதான் ஐயா என்று சொல்லியிருக்கிறோம்.

மரத்தருகே பெயர்ப்பலகை வைக்கலாமா என்பதில் மட்டும் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. வைத்தால் ஊரார் அறிவர் என்கிறார் ஒருவர். வைத்தால் படகுகள் அங்கே கூடும், வேரில் கயிறு கட்டுவார்கள், பெயரைக் கத்தியால் கீறுவார்கள் என்கிறார் மற்றவர். அடுத்த ஞாயிறு முதுநகரில் கூடும்போது இதைப் பேசவேண்டியிருக்கிறது.